மனசு வராத நாளிலும் உடற்பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள கேள்விகள் பெரும்பாலும் ஏற்கெனவே தொடங்கி, நின்றுபோய், மறுபடி தொடங்க நினைப்பவர்களுடையவை. ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நெஞ்சுவலி, நடக்கும்போது தலைசுற்றல், சின்ன வேலைக்கே மூச்சிரைப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். இந்தப் பக்கத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

தொடங்கும்போது இருக்கும் ஆர்வம் ஆறு வாரத்தில் ஏன் வடிந்துவிடுகிறது?

ஆர்வம் என்பது ஏறி இறங்குவது. இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கூடியிருப்பது தெரிந்த அன்று அது உச்சத்தில் இருக்கும். அந்த வேகத்திலேயே திட்டம் போட்டுவிடுகிறோம்: காலை ஐந்தரைக்கு எழுவது, வாரம் ஆறு நாள், தலா ஒரு மணி நேரம். மூன்றாவது வாரத்தில் இரண்டு நாள் ஓவர்டைம், பிள்ளைக்குக் காய்ச்சல். ஆறில் இரண்டு நாள்தான் முடிந்தது என்றதும் 'நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது' என்று விட்டுவிடுகிறோம். வாரம் இரண்டு நாள் என்று எழுதியிருந்தால் அதே வாரம் முழுத் தேர்ச்சி.

அதனால் உங்கள் மோசமான வாரத்தை வைத்து அளவைத் தீர்மானியுங்கள். அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிக்கும் வாரம், இரவு வேலை, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத நேரம், அப்போதும் எது முடியுமோ அதுதான் உங்கள் அடிப்படை அளவு. பலருக்கு அது வாரம் மூன்று முறை, தலா 10 நிமிடமாகத்தான் இருக்கும். நல்ல வாரங்களில் அதற்கு மேல் எவ்வளவு செய்தாலும் உபரி. உபரி குறைந்தால் அதைக் கடனாக எழுதிக்கொள்ள வேண்டாம்.

உண்மையில் எவ்வளவு தேவை?

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியும் சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டியும் ஒரே அளவைத்தான் சொல்கின்றன. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகப் பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. அதோடு குறைந்தது 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. முதியவர்கள் சமநிலைக்கான பயிற்சியையும் வாரம் 3 நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மிதமான வேகம் எது என்று அறிய கருவி வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. எண்ணிக்கையில் சொன்னால் நிமிடத்துக்குச் சுமார் 100 எட்டு, அதாவது 100 காலடி.

முதல் வாரமே 150 நிமிடத்தை எட்டப் பார்க்காதீர்கள். வாரம் மூன்று நடை, தலா 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நடையிலும் 5 நிமிடம் கூட்டினால், ஒன்பதாவது வாரத்தில் ஒரு நடை 50 நிமிடமாகி 150 கணக்கு வந்துவிடும். இது நடைக்கான கணக்கு. மெதுவோட்டத்துக்கு வாரம் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாமல் இருப்பது கெண்டைக்காலுக்கும் முழங்காலுக்கும் நல்லது.

வலுவூட்டும் பயிற்சிக்கு ஒரு சுவரும் ஒரு நாற்காலியும் போதும். சுவரில் கைவைத்துத் தண்டால் 10, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஒரு சுற்று. எட்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நாற்காலிக்குச் சக்கரம் இருக்கக்கூடாது, முதுகுப்பக்கம் சுவரில் அணைந்திருக்க வேண்டும்.

தினம் 10,000 எட்டு கட்டாயமா?

இல்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கேய்' என்ற எட்டு அளவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. 'மான்போ' என்றால் பத்தாயிரம் எட்டு. உங்கள் கைப்பேசி காட்டும் இப்போதைய வாரச் சராசரியோடு 1,000 சேர்த்துக்கொள்ளுங்கள், அதுதான் அடுத்த இலக்கு. எட்டுகளை எண்ணும் ஹெல்தி 365 செயலியில் சேரும் புள்ளிகளும் பற்றுச்சீட்டுகளும் ஆரம்பத்தில் நன்றாகவே உந்தித் தள்ளும். ஆனால் அவற்றை மட்டுமே நம்பி நடப்பவர்கள், பரிசு வரம்பை எட்டிய அன்றே நின்றுவிடுகிறார்கள்.

திட்டத்தை எப்படி எழுதினால் நிலைக்கும்?

நாள், இடம், அதற்கு முன் நடக்கும் காரியம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். பிரிட்டனில் மாணவர்களிடம் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. ஒரு பிரிவுக்கு எதுவும் தரவில்லை. இன்னொரு பிரிவுக்கு இதயநோய் பற்றிய ஊக்கமூட்டும் வாசகம் தந்தார்கள். மூன்றாவது பிரிவு அதைப் படித்ததோடு, எந்த நாளில், எங்கே, எத்தனை மணிக்குச் செய்வோம் என்றும் எழுதியது. முதல் பிரிவில் 38 விழுக்காட்டினரும் ஊக்கவுரை படித்தவர்களில் 35 விழுக்காட்டினரும்தான் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். எழுதிவைத்தவர்களில் 91 விழுக்காட்டினர் செய்தார்கள். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ஊக்கப் பொன்மொழிகளைவிட, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய ஒரு வரிக்குப் பலன் அதிகம் என்று நாங்கள் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

அந்த வரி இப்படி இருக்கலாம்: 'செவ்வாய், வியாழன் வேலை முடிந்து பீஷான் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கியதும், பஸ் பிடிக்காமல் பூங்கா வழியாக அங் மோ கியோவுக்கு நடந்தே போவேன். மழை பெய்தால் பஸ்ஸில் போய், அடுக்குமாடி புளோக்கின் மாடிப்படியில் 15 நிமிடம் ஏறுவேன்.' இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தடை வரும்போது யோசிக்க உட்கார்ந்தால் முடிவு பெரும்பாலும் சோஃபாவின் பக்கம்தான் சாயும்.

'மாலை ஏழு மணிக்கு' என்று எழுதுவதைவிட 'பாப்பாவை டியூஷனில் விட்டதும்' என்று எழுதுவது மேல். ஏழு மணி நம்மைக் கேட்காமலே கடந்துபோகும். டியூஷனில் விடும் வேலை எப்படியும் நடந்தே தீரும், அப்போது நீங்களும் வீட்டுக்கு வெளியேதான் இருப்பீர்கள்.

எத்தனை நாளில் பழக்கமாகும்? 21 நாளா, ஒரு மண்டலமா?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் அச்சான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் நடு மதிப்பு 66 நாள். சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல் சீக்கிரம் படியும், உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் பிடிக்கும். ஒரு மண்டலம் முடிந்தும் இன்னும் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது என்றால் உங்களிடம் குறை இல்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவது குலையவில்லை. ஆகவே ஒருமுறை தவறினால் பரவாயில்லை. ஆனால் அடுத்த முறையை விடக்கூடாது. அன்று ஐந்து நிமிடமாக இருந்தாலும், புளோக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலும், அது கணக்கில் சேரும்.

மழை, வெயில், புகைமூட்டம்: இங்கே வெளியே செய்யவே நேரம் கிடைக்கவில்லையே?

மழை பெய்ததால் விட்ட நாளைவிட, மழை வரும்போல இருக்கிறதே என்று விட்ட நாள்தான் பலருக்கும் அதிகமாக இருக்கும். சிங்கப்பூர் வானிலைக்கு ஒரு போக்கு உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இடியோடு கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலில் தொடங்கும், சில நாள் மாலைவரை நீளும். அந்த மாதங்களில் காலை நேரம் நம்பகமானது. 'சுமத்ரா' என்று சொல்லப்படும் பலத்த காற்றோடு கூடிய மழை விடியலுக்கு முன்பும் காலையிலும் அடிக்கும். அப்படிப்பட்ட நாளில் நடையை மாலைக்குத் தள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை சில சமயம் நாள்கணக்கில் விடாமல் பெய்யும், அதற்கு வீட்டுத் திட்டம் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

இடிச்சத்தம் கேட்டால் திடலிலும் மரத்தடியிலும் நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுப்பது பாதுகாப்பு.

வெயிலைப் பொறுத்தவரை இங்கே வெப்பநிலையைவிட ஈரப்பதம்தான் படுத்தும். வியர்வை காயாததால் உடம்பு குளிர்வதில்லை. சூரியன் காலை ஏழையொட்டி உதித்து மாலை ஏழையொட்டி மறைகிறது, எனவே எட்டரைக்கு முன்பும் ஆறு மணிக்குப் பின்பும் வைத்துக்கொள்ளுங்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி செயலியில் வெப்ப அழுத்த நிலையைப் பார்க்கலாம். 'உயர்வு' என்று காட்டினால் அன்று வெளியே கடும் பயிற்சி வேண்டாம். ஏசியிலேயே நாள் முழுக்க இருப்பவர்களுக்கும், குளிர்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் உடம்பு பழக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை வேகத்தைக் குறைத்தே வையுங்கள்.

புகைமூட்ட நாள்களில் காற்றுத்தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் நீண்ட, கடும் வெளிப்புறப் பயிற்சியைக் குறையுங்கள், 200ஐத் தாண்டினால் தவிர்த்துவிடுங்கள். ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்கள் இன்னும் முன்னதாகவே நிறுத்த வேண்டும்.

மழை நாளுக்கு நம் எல்லாரிடமும் இருக்கும் கருவி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மாடிப்படி. ஒரு மாடிக்கு ஏறத்தாழ 16 படி. ஐந்து மாடி ஏறி, லிஃப்டில் இறங்கி, மறுபடி ஏறுங்கள். தொடக்கத்தில் மூன்று சுற்று போதும். இறங்குவதற்கு லிஃப்ட் என்பது சோம்பலுக்காகச் சொன்னதல்ல. படியிறங்கும்போதுதான் முழங்காலிலும் தொடையிலும் சுமை கூடி, மறுநாள் நடக்கவே வலிக்கும். பாதம் முழுவதையும் படியில் பதித்து ஏறுங்கள், ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். படிக்கட்டில் மழைச்சாரல் அடித்து ஈரமாக இருந்தால் வேண்டாம்.

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் திரும்ப வெளியே போக மனசே வருவதில்லை.

அப்படியென்றால் நுழையாதீர்கள். கதவைத் திறந்து, பையை வைத்து, மின்விசிறியைப் போட்டு, 'ஒரு காப்பி மட்டும்' என்று உட்கார்ந்த பிறகு எழுவது யாருக்குமே கடினம். காலணியையும் ஒரு டிசட்டையையும் அலுவலகப் பையிலேயே எடுத்துப் போங்கள், எம்ஆர்டி நிலையக் கழிவறையில் மாற்றிக்கொள்ளலாம். அல்லது இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்து வாருங்கள்.

காலையில் போகிறவர்கள் முந்தின இரவே வாசல் காலணி அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்து வையுங்கள். காலணி முன்பக்கம் வெளியே பார்த்தபடி, இடதுக்குள் ஒரு ஜோடி காலுறை, வலதுக்குள் சின்னத் துண்டு. பக்கத்தில் 500 மில்லி தண்ணீர்ப் புட்டி. சாவியும் ஈஸிலிங்க் பயண அட்டையும் மட்டும் வீட்டுக்குள் கதவை ஒட்டி இருக்கட்டும். இருட்டில் காலுறை தேடும் மூன்று நிமிடத்தில்தான் பலருடைய காலை நடை கைவிடப்படுகிறது. நனைந்த காலணி என்றால் உள்ளட்டையைக் கழற்றி, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். காலைக்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும்.

காலை நல்லதா, மாலை நல்லதா?

நீங்கள் விடாமல் செய்யக்கூடிய நேரம் எதுவோ அது. தூக்கத்தை ஆறு மணி நேரத்துக்குக் கீழே வெட்டித்தான் காலைப் பயிற்சி முடியும் என்றால் காலை வேண்டாம்.

வேலை, சமையல், பிள்ளைகளின் பள்ளி. இதில் எனக்கென்று அரை மணி நேரம் எங்கே?

முழு அரை மணி கிடைக்கக் காத்திருக்க வேண்டாம். ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதி இப்போதைய வழிகாட்டிகளில் இல்லை. பிள்ளை நீச்சல் வகுப்பில் இருக்கும் முக்கால் மணி நேரமும் குளத்தோரம் உட்காராமல் வளாகத்தைச் சுற்றி நடக்கலாம். குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை சுவர்த் தண்டால் எடுக்கலாம்.

ஆனால் இது நேரத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தேடும் பிரச்சினை மட்டும் இல்லை. வீட்டில் நெருக்கடி வந்தால் முதலில் ரத்தாவது அம்மாவின் நடைதான். இது மாற வேண்டும். 'செவ்வாயும் சனியும் 7 மணியிலிருந்து 7.40 வரை பிள்ளைகள் அப்பா பொறுப்பு' என்று நாளும் மணியும் சொல்லிக் கேளுங்கள். 'கொஞ்சம் உதவி செய்யுங்க' என்று கேட்டால் உதவி அவருக்கு ஒழியும்போதுதான் கிடைக்கும். பிள்ளை பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் ஆண்டிலும் இந்த இரண்டு நேரத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கட்டுமானத் தளத்தில் நாள் முழுக்க உழைக்கிறேன். அதற்கு மேல் உடற்பயிற்சி எதற்கு?

வெயிலில் சுமை தூக்குகிறவருக்கு முதல் தேவை தூக்கமும் தண்ணீரும். வேலைநாளில் மேலும் ஓட வேண்டாம். இரவில் பத்து நிமிடம் முதுகு, இடுப்பு, தொடைப் பின்பக்கத் தசைகளை நீட்டிவிடுங்கள், ஒரே பக்கம் சாய்ந்து தூக்குவதால் வரும் இறுக்கம் தளரும். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டோ கைப்பந்தோ ஆடினால் தாராளமாகப் போதும். கடையில் கல்லாவில் நின்றபடி இருப்பவர் கதை வேறு. நிற்பது மூச்சு வாங்கவைப்பதில்லை, அவருக்கு வேக நடை தேவை.

ஜிம்மில் ஓராண்டுச் சந்தா கட்டினால் காசு போகிறதே என்றாவது போவேனா?

முதல் இரண்டு மாதம் போவீர்கள். ஆக்டிவ்எஸ்ஜி என்ற பொது ஜிம்களில் ஒருமுறைக்குச் சில வெள்ளி (டாலர்) கட்டி நுழையலாம். எட்டு வாரம் வாரம் இருமுறை போய்க் காட்டிய பிறகு சந்தாவைப் பற்றி யோசியுங்கள். வீட்டுக்கோ வேலைக்கோ போகும் வழியில் இல்லாத ஜிம், எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம்.

இரண்டு மாதமாக நடக்கிறேன், எடை குறையவே இல்லை. மனசு விட்டுப்போகிறது.

அரை மணி நேர வேக நடையில் செலவாவது ஏறத்தாழ 120 முதல் 150 கலோரி. ஒரு வெறும் பரோட்டாவில் அதைவிடக் கூடுதலாக இருக்கும். எடை பெரும்பாலும் சாப்பாட்டில் தீர்மானமாகிறது. நடை தருவது இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் தூக்கத்திலும் தெரியும், தராசு அதைக் காட்டாது. ஆகவே வேறு அளவுகளைக் குறித்துவையுங்கள்: 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது, ஐந்து மாடி ஏறிய பின் மூச்சு சீராக எத்தனை நிமிடம் ஆகிறது, இடுப்புச் சுற்றளவு எவ்வளவு. பெடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றினால் 4.3 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை அதே சுற்றை நடந்து நேரத்தை எழுதிப் பாருங்கள், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

மறுநாள் வலித்தால் நிறுத்தலாமா?

இரு காலிலும் ஒரே மாதிரி, தசை முழுக்கப் பரவிய மந்தமான வலி ஒன்று முதல் மூன்று நாளில் தணியும். அந்த நாள்களில் மெதுவாக நடக்கலாம். ஒரே இடத்தில் குத்தும் வலி, மூட்டு வீக்கம், நொண்டி நடக்க வைக்கும் வலி என்றால் நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

சாப்பிட்ட பின் 10, 15 நிமிட நடை சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கு இதைவிட எளிதாகப் பிடித்துக்கொள்ளக்கூடிய பழக்கம் இல்லை. இன்சுலின், கிளிபிசைடு, கிளிக்லசைடு போன்றவை எடுப்பவர்களுக்கு மட்டும் பயிற்சியின்போது சர்க்கரை மிகவும் இறங்கும் அபாயம் உண்டு. கிளம்பும் முன் அளந்து பாருங்கள். லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிடுங்கள். பையில் மூன்று தேக்கரண்டி அளவுச் சர்க்கரையோ இனிப்பான பானமோ இருக்கட்டும். கை நடுக்கம், திடீர் வியர்வை, குழப்பம் வந்தால் உடனே உட்கார்ந்து சாப்பிடுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்தளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

நோன்பு மாதத்தில் என்ன செய்வது?

நோன்பு திறப்பதற்கு முந்தைய அரை மணியில் மெதுநடை, அல்லது தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்தபின் வலுவூட்டும் பயிற்சி. அளவைப் பாதியாக்குங்கள், நாள்களின் எண்ணிக்கையை மாற்றாதீர்கள்.

மூன்று வாரம் ஊருக்குப் போய்வந்தால் எல்லாம் போய்விடுகிறது.

இதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கும் இடம். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சுவையான ஒலிப்புத்தகங்களை ஜிம்மில் மட்டுமே கேட்க முடியும் என்று வைத்தபோது, மற்றவர்களைவிட 51 விழுக்காடு அதிகமாக வந்தார்கள். நவம்பர் விடுமுறை குறுக்கிட்டதும் அந்த வேறுபாடு வடிந்துபோனது. நல்ல ஏற்பாட்டைக்கூட ஒரு விடுமுறை கலைத்துவிடும் என்றால், திரும்பி வரும் நாளுக்குத் தனியாக ஒரு திட்டம் வேண்டும்.

விமானச் சீட்டு எடுக்கும் அன்றே, திரும்பியதும் முதல் நடை எந்தக் கிழமை என்று எழுதிவிடுங்கள், இறங்கிய மறுநாளோ அதற்கு மறுநாளோ. ஊரில் இருக்கும்போது கல்யாணம், காதுகுத்து, உறவினர் வீட்டு விருந்து என்று நாள் போகும், அங்கே நாற்காலிப் பயிற்சி எட்டு நிமிடம் வாரம் இருமுறை செய்தாலே சரி. இரண்டு வாரத்தில் மூச்சுத் திறன் சற்றே இறங்கும். தசை வலு மூன்று, நான்கு வாரம்வரை பெரிதாகக் குறையாது. திரும்பியதும் முதல் வாரம் பழைய அளவில் பாதி, இரண்டாம் வாரம் முக்கால், மூன்றாம் வாரம் முழுசு. விட்டதைப் பிடிக்கிறேன் என்று முதல் நாளே முழு அளவில் ஓடுகிறவர்கள் வலியோடு மறுபடி உட்கார்ந்துவிடுகிறார்கள். காய்ச்சலுக்குப் பிறகும் இதே படிகள்தான், காய்ச்சல் முழுவதும் விட்டு, சாப்பாடும் தூக்கமும் சீரான பிறகு.

ஐபிபிடி என்ற படைவீரர் உடற்தகுதித் தேர்வுவரை ஒழுங்காக ஓடுகிறேன், முடிந்ததும் நின்றுவிடுகிறது.

நாள் குறித்த இலக்குக்கு வேகம் அதிகம், ஆயுள் அந்த நாள்வரைதான். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தயாராகும், முழுநேரத் தேசிய சேவை முடித்த ரிசர்விஸ்ட்டுக்கும், தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் காவடி சுமப்பதற்காக வாரக்கணக்கில் விரதமும் நடையுமாக இருப்பவருக்கும் இதே நிலைதான். அந்த ஒழுங்கு உங்களுக்கு வரும் என்பது ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. அதைப் பாதுகாக்க, தேர்வுக்கு அடுத்த வாரத்தின் இரண்டு பயிற்சிகளைத் தேர்வுக்கு முன்பே எழுதிவையுங்கள், பாதி அளவில். நேரம் பார்க்காமல், பிடித்த இடத்தில் ஓடுங்கள்.

கூட்டாளி அவசியமா?

உதவும், ஒரு நிபந்தனையோடு: அவர் வராத நாளில் நீங்கள் தனியாகப் போவீர்கள் என்று இருவரும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இருவரில் ஒருவருடைய சோம்பல் இருவரையும் நிறுத்தும். கூட்டாளி கிடைக்காதவர்கள் சமூக மன்றங்களிலும் பூங்காக்களிலும் நடக்கும் குழுப் பயிற்சிகளுக்குப் போகலாம், பல இலவசம்.

இரண்டு வருடமாக எதுவுமே செய்யவில்லை. எங்கே தொடங்குவது?

இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, இருக்கிற காலணியைப் போட்டுக்கொண்டு கீழே இறங்குங்கள். புளோக்கிலிருந்து ஐந்து நிமிடம் நடந்து, திரும்பி வாருங்கள். வாசலில் காலணியைக் கழற்றும் முன்பே, அடுத்த நடை எந்தக் கிழமை, எந்த வேலை முடிந்ததும் என்பதைக் கைப்பேசியில் எழுதிவிட்டு உள்ளே போங்கள்.